முதல் வெல்டிங் மெஷின்: பழைய டிரான்ஸ்ஃபார்மரா, புது இன்வர்ட்டரா?

ஆட்டுக்கொட்டகைக்கு ஒரு கதவு, மாடிப்படிக்குக் கைப்பிடி, கால் ஒடிந்த கட்டில். காட்பாடிப் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிற வெல்டிங் வேலை பெரும்பாலும் இவ்வளவுதான். இதற்கெல்லாம் பட்டறைக்கு அலையாமல் நாமே கற்றுக்கொள்ளலாம் என்று இறங்கினால், எந்த மெஷின் வாங்குவது என்ற கேள்விதான் முதலில் நிற்கும். கையில் சுமார் 10,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தில் பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் பிடிப்பதா, உள்ளே எலக்ட்ரானிக் போர்டு வைத்த புது வெல்டிங் இன்வர்ட்டர் வாங்குவதா?

நான் பழகியது டிரான்ஸ்ஃபார்மரில்தான். எங்கள் தெருமுனைப் பட்டறை அண்ணன் இன்றும் அதை விடவில்லை. நான் இன்வர்ட்டரைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியபோது, "இன்னா தம்பி, இந்த டப்பாவையா வாங்கினு வந்த? நம்மளுது எங்கப்பா காலத்துலேர்ந்து ஓடினு கீது" என்றார். அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மருக்குள் போர்டு கிடையாது. இரும்பு மையம், இரண்டு சுருள், கரண்டைக் கூட்டிக் குறைக்க ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். கிரைண்டர் தூசி உள்ளே போனாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. சுருள் எரிந்தால் மோட்டார் காயில் கட்டுகிறவரே கட்டித் தந்துவிடுவார்.

ஆனால் அது பட்டறைக்குச் சரி. வீட்டில் பழகுகிறவருக்கு இடிப்பது கரண்ட் விஷயத்தில். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2.5 மில்லி ராடை (உருகி இரும்பை இணைக்கும் வெல்டிங் குச்சி) 80 ஆம்பியரில் எரிக்கிறீர்கள். சும்மா இருக்கும்போது 75 வோல்ட் காட்டுகிற டிரான்ஸ்ஃபார்மர் என்றால், 230 வோல்ட் லைனிலிருந்து 26 ஆம்பியர் இழுக்கும் (80 × 75 ÷ 230). அதே வேலைக்கு இன்வர்ட்டர் இழுப்பது 14, 15 ஆம்பியர்தான். வீட்டில் இருக்கும் 16 ஆம்பியர் பிளக் ஒன்றுக்குத் தாங்கும், இன்னொன்றுக்குத் தாங்காது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாயங்காலம் வோல்டேஜ் 190-க்கு இறங்கினால் டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீடும் அதே விகிதத்தில் இறங்கும். ராடு ஒட்டிக்கொண்டே இருக்கும். புதிதாகப் பழகுகிறவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்து மனம் உடைந்துபோவார். நானும் அப்படி ஒரு மாதத்தை வீணாக்கியிருக்கிறேன். நல்ல இன்வர்ட்டர் வோல்டேஜ் ஓரளவு இறங்கினாலும் நாம் வைத்த ஆம்பியரைப் பிடித்து நிறுத்தும். டிசி கரண்ட் என்பதால் ஆர்க் (ராடு முனையில் எரியும் மின்பொறி) பிடிப்பதும் சுலபம். எடையைச் சொல்லவே வேண்டாம். அது ஐம்பது கிலோவுக்கு மேல் போகும், இது ஏழெட்டுக் கிலோ.

ராணிப்பேட்டைப் பக்கம் மலிவாகப் பழைய மெஷின் வருகிறது என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். பெல் ஆலைக்கும் சிப்காட் கம்பெனிகளுக்கும் வேலை செய்கிற பட்டறைகளின் மெஷின்கள் பெரும்பாலும் த்ரீ ஃபேஸில் ஓடுபவை. வீட்டு சிங்கிள் ஃபேஸில் அவை உதவாது. தெருப் பட்டறை டிரான்ஸ்ஃபார்மர்களிலும் இரண்டு ஃபேஸ், 415 வோல்ட் கேட்பவை உண்டு. நேம் பிளேட்டைப் படிக்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இன்வர்ட்டரிலும் ஏமாற்று உண்டு. முதலில் நான் வாங்கியதில் 300 என்று பெரிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 3.15 மில்லி ராடு இரண்டு எரித்ததும் சூடு மிஞ்சியதைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்து மெஷின் நின்றுவிடும். நிஜமாகவே 300 ஆம்பியர் கொடுக்க வேண்டுமானால் லைனிலிருந்து ஐம்பது ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். அதன் பின்னால் தொங்கிய மெல்லிய ஒயரைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஸ்டிக்கரை விட்டுவிட்டு டியூட்டி சைக்கிளைப் பாருங்கள். 160 ஆம்பியருக்கு 60 சதவீதம் என்றால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் எரிக்கலாம், நாலு நிமிடம் ஆறவிட வேண்டும். இந்தக் கணக்கைப் பொதுவாக 40 டிகிரி வெயிலுக்குத்தான் எடுக்கிறார்கள். வேலூர் அக்னி நட்சத்திரம் அதையும் தாண்டும். மே மாதம் மொட்டைமாடியில் மெஷினை வைத்து வேலை செய்தால் அச்சிட்ட அளவு கிடைக்காது. காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுவது உங்களுக்கும் நல்லது. வியர்வையில் நனைந்த கையுறையோடு ராடு பிடிக்கும் ஹோல்டரைத் தொட்டால் ஷாக் அடிக்கலாம், அதுவும் ஏசி டிரான்ஸ்ஃபார்மரில் கூடுதலாக.

கேஸ் இல்லாத மிக் மெஷினைப் பலர் ஆசையாகப் பார்க்கிறார்கள். டிரிக்கரை அழுத்தினால் ஒயர் தானாக வரும், மெல்லிய பைப்பில் கை சீக்கிரம் படியும். உண்மைதான். ஆனால் விலை பெரும்பாலும் பட்ஜெட்டைத் தாண்டிவிடும். உள்ளே மருந்து அடைத்த அந்த ஃபிளக்ஸ் ஒயரும் கிலோவுக்கு ராடைவிட அதிகம். பள்ளிகொண்டாவிலோ ஒடுகத்தூரிலோ சின்ன ஹார்டுவேர் கடையில் சாதாரண இரும்புக்கான 6013 ராடு கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஃபிளக்ஸ் ஒயருக்கு நான் ஆர்டர் போட்டுத்தான் காத்திருந்தேன். அதை இரண்டாவது மெஷினாக வைத்துக்கொள்ளுங்கள். டிக் (டங்ஸ்டன் முனையும் கேஸும் வைத்துச் செய்யும் வெல்டிங்) பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம்.

ஆக, என் ஓட்டு சிங்கிள் ஃபேஸ், 200 ஆம்பியர் இன்வர்ட்டருக்கு. பக்கத்து ஊரிலாவது சர்வீஸ் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். போர்டு போனால் அண்ணனால் சரிசெய்ய முடியாது. கிரைண்டரை மெஷினிலிருந்து தள்ளியே ஓட்டுங்கள். இரும்புத்தூள் ஃபேன் வழியாக உள்ளே போவதுதான் போர்டுக்கு எமன்.

கொஞ்சம் பணத்தை மிச்சம் பிடித்து 10 அல்லது 11 ஷேடு (கருமை அளவு) கண்ணாடி வைத்த ஹெல்மெட் வாங்கிவிடுங்கள். வெயிலுக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடி இதற்கு ஆகாது. வெல்டிங் கண்ணில் அடித்த ராத்திரி, மணலை அள்ளிக் கொட்டியது போல இருக்கும், தூக்கமே வராது. அப்புறம் ராடு. முதல் இரண்டு கிலோவை 5 மில்லி பட்டையில் எரித்துப் பழகுங்கள். எடுத்த எடுப்பிலேயே மெல்லிய 18 கேஜ் ஸ்கொயர் பைப்பில் கை வைத்தால் ஓட்டை விழும். அதற்கு 2 மில்லி ராடும் 50 ஆம்பியரும் போதும். ஜிஐ பைப் என்றால் வெல்டிங் வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமாக உட்காருங்கள். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சாயங்காலமே குளிர்காய்ச்சல் வந்துவிடும்.