கான்டன் ஹால் ஆஃப் ஃபேம்: வெண்கலத் தலைகளைப் பார்க்கப் போன கதை

போன மாதம் போய்விட்டு வந்ததிலிருந்து நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், அங்கே என்னதான் இருக்கிறது, குடும்பத்தோடு போகலாமா என்று. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டுவதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன், கொஞ்சம் நீளும்.

இடம் ஒஹையோ மாநிலத்தில் கான்டன். கிளீவ்லாந்திலிருந்து 77ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே ஒரு மணி நேரம், நடுவில் ஆக்ரன் வரும், அதைத் தாண்டி கொஞ்ச தூரம் போனால் சாலை ஓரத்திலேயே பந்தைப் பாதி புதைத்து வைத்தது போல ஒரு கூரை தெரியும். ப்ரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம், அமெரிக்க ஃபுட்பாலில் பெரிய ஆட்களைத் தேர்ந்தெடுத்துக் கௌரவிக்கிற அருங்காட்சியகம். 1963ல் திறந்தார்கள். இந்தச் சின்ன ஊரில் ஏன் என்றால், 1920ல் இந்த ஊர் கார் ஷோரூம் ஒன்றில் அணி முதலாளிகள் கூடி உட்கார்ந்து ஆரம்பித்த சங்கம்தான் அமெரிக்க ஃபுட்பாலின் முதன்மை லீகான இன்றைய என்.எஃப்.எல். முதல் தலைவராக ஜிம் தோர்ப்பைப் போட்டார்கள், 1912 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கிய அதே தோர்ப். உள்ளே நுழைந்ததும் ஆள் உயரத்துக்கு மேலே அவர் சிலைதான் நிற்கிறது.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த ரிவ்யூ புரியாது. நான் எண் பைத்தியம். ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டுக்கொண்டே நாற்பது பக்க நோட்டில் ஸ்கோர் எழுதி வளர்ந்தவன். அமெரிக்க ஃபுட்பால் எனக்குப் பிடித்துப்போனதே அதில் கிரிக்கெட்டைவிட அதிகமாக எண் இருந்ததால்தான். கூட வந்தவன் மச்சான், மனைவியின் தம்பி, கிளீவ்லாந்து பிரவுன்ஸ் ரசிகன். லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் மேட்ச்சுக்கு ஒருமுறைகூடப் போகாத அணியைக் கட்டிக்கொண்டு அழுகிறவன். அவனுக்கு இருக்கும் ஒரே பெருமை அந்த அணியின் பழைய நட்சத்திரம் ஜிம் பிரவுன்.

மாடிக்கு சுற்றுப்பாதை மாதிரி ஒரு சரிவில் ஏறிப் போக வேண்டும். மேலே ஆரம்பக் காலப் பொருட்கள். அங்கே ஒரு பழைய கணக்குத் தாள், கண்ணில் படாமல் போக வாய்ப்பு அதிகம், தேடிப் பாருங்கள். பிட்ஸ்பர்க் பக்கம் ஒரு கிளப் 1892 நவம்பரில் ஒரு மேட்ச்சுக்கு எழுதிய வரவு செலவு. அதில் ஹெஃபெல்ஃபிங்கர் என்கிற ஆட்டக்காரருக்கு ஆடியதற்காக ரொக்கம் 500 டாலர் என்று ஒரு வரி. அதுவரை காசு வாங்காமல் ஆடுவதாகத்தான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த ஆட்டத்தில் காசு வாங்கி ஆடியதற்கு எழுத்தில் இருக்கிற முதல் ஆதாரம் இந்த ஒரு வரிதான். நம்ம ஊர் மளிகைக் கடைப் பேரேட்டில் எழுதுவதுபோல சாதாரணமாக எழுதி வைத்திருக்கிறார்கள். கோப்பை மோதிரங்களின் பக்கம் நின்ற நேரத்தைவிட இதன் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன்.

சரி, முக்கியமான அறைக்கு வருவோம். விளக்கைக் குறைத்து வைத்து, சுவர் முழுக்க அடுக்கடுக்காக வெண்கலத் தலைகள், தேர்வான ஒவ்வொருவருக்கும் ஒன்று. 350க்கும் மேல் இருக்கின்றன. தேர்வான வருட வரிசையில் வைத்திருக்கிறார்கள். பேச்சு தானாகவே தணிந்துவிடுகிறது, கர்ப்பக்கிருகத்துக்குப் பக்கத்தில் நிற்பது போல. 2006ல் உள்ளே வந்த பயிற்சியாளர் ஜான் மேடன், ராத்திரி விளக்கணைத்தபின் இந்தத் தலைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்று நம்புவதாக மேடையிலேயே சொன்னார். பகலில் கேட்டால் சிரிப்பு வரும், அந்த அறைக்குள் வரவில்லை.

நான் எதிர்பார்த்துப் போனது எண்கள். தலைக்குக் கீழே அதைக் காணோம், பெயரைத்தான் பார்க்கிறோம். சாதனை வேண்டுமென்றால் பக்கத்தில் தொடுதிரை இருக்கிறது, தட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. நான் மனப்பாடமாக வைத்திருந்த கணக்கை மச்சானுக்கு ஒப்பிக்க ஆரம்பித்தேன்.

ஜெர்ரி ரைஸ். எறிகிற பந்தைப் பிடித்து ஓடுகிறவர். அப்படிப் பிடித்து முன்னேறிய தூரம் 22,895 யார்டு. இரண்டாம் இடத்தில் இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு 17 சீசன் ஆடி எடுத்தது 17,492. நடுவில் இருக்கும் 5,403 யார்டு, நன்றாக ஆடுகிற ஒருவருக்கு நாலைந்து வருட வேலை. 20 சீசன், 208 டச் டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது), நாற்பது வயதைத் தொட்ட 2002 சீசனில்கூட ஆயிரம் யார்டுக்கு மேல். அப்பா கொத்தனார். கோடையில் மகன்கள் உதவிக்குப் போவார்கள், செங்கல்லைத் தூக்கி வீசினால் ரைஸ் சாரத்தில் நின்று பிடிப்பார். கைக்கு அந்தப் பழக்கம் அங்கே வந்ததுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். நம்ம ஊரில் வீடு கட்டுகிற இடத்தில் தினம் பார்க்கிற காட்சி, எத்தனை பேர் கையில் இப்படி ஒரு ஆட்டம் வீணாய்ப் போயிருக்கிறதோ.

பந்தைக் கையில் வாங்கி ஓடுகிற கணக்கில் எம்மிட் ஸ்மித் 18,355 யார்டு, வால்டர் பேட்டன் 16,726. பேட்டன் 13 சீசனில் விட்டது ஒரே ஒரு மேட்ச். 1993ல் அவர் உள்ளே வரும்போது மேடையில் அறிமுகம் செய்தது அவருடைய 12 வயது மகன். ஆறு வருடத்தில் பேட்டன் போய்ச் சேர்ந்துவிட்டார். பாரி சாண்டர்ஸ் 15,269, இன்னும் ஒரு சீசன் ஆடியிருந்தால் பேட்டன் சாதனை கையில் இருந்தது, ஆனால் 1999 ஜூலையில் சொந்த ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பி ஓய்வு என்று சொல்லிவிட்டார். ஒரு மேட்ச்சுக்கு அவர் சராசரி 99.8. பிராட்மேனின் 99.94 ஞாபகம் வராதவன் கிரிக்கெட் பார்த்தவனே கிடையாது.

அந்தச் சராசரியில் நூறைத் தாண்டிய ஒரே ஆள் ஜிம் பிரவுன். 118 மேட்ச், 12,312 யார்டு, 104.3. ஒன்பது சீசனில் எட்டு முறை லீகிலேயே முதலிடம், ஒரு மேட்ச்கூட விட்டதில்லை, முப்பது வயதில் போதும் என்று எழுந்து போய்விட்டார். மச்சான் அந்தத் தலைக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்கச் சொன்னான், மூன்றாவது தடவையாக.

அப்புறம்தான் என் கணக்கு இடிக்க ஆரம்பித்தது. டீகன் ஜோன்ஸ் தலைக்கு வந்தோம். எதிரணியில் பந்தை எறிகிற ஆட்டக்காரரை, அதாவது குவார்ட்டர்பேக்கை, பந்தோடு சேர்த்துத் தரையில் வீழ்த்துவதற்கு சாக் என்று பெயர் வைத்தவரே அவர்தான். ஆட்களை மொத்தமாக சாக்கில் போட்டுக் கட்டி மட்டையால் அடிக்கிற மாதிரி என்று விளக்கமும் கொடுத்தார், நம்ம சாக்கு மூட்டையேதான். ஆனால் அதிகாரபூர்வக் கணக்கில் அவருக்கு ஒரு சாக்கூட இல்லை! லீக் அதை எண்ண ஆரம்பித்தது 1982ல், அவர் ஆட்டத்தை விட்டது 1974ல். பட்டியலில் மேலே இருப்பது புரூஸ் ஸ்மித் 200, ரெஜி வைட் 198. பழைய ஆட்டக் குறிப்புகளைத் தோண்டி எண்ணியவர்கள் ஜோன்ஸுக்கு 173.5 என்கிறார்கள்.

"அப்ப நீங்க மனப்பாடம் பண்ணின லிஸ்டே தப்புதானே மாமா?" என்றான் மச்சான். பதில் சொல்லத் தெரியவில்லை.

அதைவிடப் பெரிய ஓட்டை, லைன்மேன்கள். குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவராக நிற்கும் ஐந்து பேர். அவர்கள் யார்டு எடுப்பதில்லை, புள்ளி எடுப்பதில்லை. தொடுதிரையில் தட்டினால் எத்தனை மேட்ச் ஆடினார் என்பதைத் தவிர சொல்லிக்கொள்ள அதிகம் எண் இருக்காது. மிக் டிங்கல்ஹாஃப் என்று ஒரு சென்டர் (அந்த ஐவரில் நடுவில் நிற்பவர்), மின்னசோட்டா அணிக்காக 17 சீசனில் தொடர்ந்து 240 மேட்ச்கள், ஒன்றையும் விடவில்லை. ஆட்டத்தை விட்டது 1978, உள்ளே விட்டது 2015. டச் டவுன் எண்ணி ஆளை எடைபோடுகிறவர்கள் (நானும் ஒருத்தன்) இருக்கிறவரை இவர்களுக்கு இப்படித்தான்.

எண் சில நேரம் ஏமாற்றாமலும் இருக்கும், அதையும் சொல்ல வேண்டும். டிக் லேன், செல்லப் பெயர் நைட் ட்ரெயின். விமானத் தொழிற்சாலை வேலை பிடிக்காமல், பழைய பேப்பர் கட்டிங் ஒட்டிய நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் ஆபீஸுக்குப் போய் வேலை கேட்டவர். அந்த 1952 சீசனிலேயே எதிரணிப் பந்தை 14 முறை பறித்தார். அன்றைக்கு சீசனுக்கு 12 மேட்ச், இன்றைக்கு 17. அந்த 14ஐ இன்னும் ஒருவரும் தொடவில்லை. இன்னொரு பக்கம் கேல் சேயர்ஸ், முழங்கால் காயத்தால் வெறும் 68 மேட்ச்தான். 34 வயதில் உள்ளே வந்துவிட்டார், இதுவரை வந்ததிலேயே இளையவர். மொத்தத்தைப் பார்த்தால் அவருக்கு இடமே இல்லை, ஆனால் 1965ல் சிகாகோவில் சேறாகிக் கிடந்த மைதானத்தில் ஒரே மேட்ச்சில் ஆறு டச் டவுன் அடித்ததைப் பார்த்தவர்கள் ஓட்டுப் போட உட்கார்ந்தால் வேறென்ன செய்வார்கள்.

இனி சொல்லப்போவது ரிவ்யூவில் வரலாமா தெரியாது, ஆனால் இதைச் சொல்லாமல் ஸ்டார் கொடுக்க முடியாது. வருட வரிசை என்றேன் இல்லையா, தொடக்கத்திலேயே 1963ன் முதல் 17 பேர். அதில் ஒருவர் ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல், வாஷிங்டன் அணி முதலாளி. கறுப்பினத்தவர் ஒருவரையும் அணியில் சேர்க்க மாட்டேன் என்று லீகிலேயே கடைசிவரை பிடிவாதமாக நின்றவர், அரசாங்கம் நெருக்கி 1962ல்தான் இறங்கி வந்தார். அடுத்த வருடமே தலை வார்த்து வைத்துவிட்டார்கள். அங்கிருந்து நடந்து நடந்து 2005க்கு வந்தால் ஃப்ரிட்ஸ் பொல்லார்ட். 1920ல், லீகின் முதல் சீசனிலேயே, பட்டம் வென்ற ஆக்ரன் அணியின் நட்சத்திரம், மறு வருடம் அதே அணிக்குப் பயிற்சியாளர், லீகில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். கார் ஓட்டி வரும்போது தாண்டினோமே, அதே ஆக்ரன். அவர் இறந்தது 1986ல். தலை வந்தது அதற்குப் பத்தொன்பது வருடம் கழித்து. 1934 முதல் 1945 வரை லீகில் ஒரு கறுப்பின ஆட்டக்காரரும் கிடையாது, அந்த வருடங்களில் ஆடாமல் போனவர்களுக்கு எந்தத் தொடுதிரையிலும் எண் இல்லை. 1946ல் தொழில்முறை ஃபுட்பாலின் கதவைத் திறந்தவர்களில் ஒருவர் மேரியன் மோட்லி, வளர்ந்தது இதே கான்டனில், ஆடியது மச்சானின் பிரவுன்ஸுக்கு. பந்தைக் கையில் வாங்கினால் சராசரியாக 5.7 யார்டு. மச்சானுக்கு மோட்லி பற்றி எதுவும் தெரிந்திருக்கவில்லை. இத்தனை வருடம் ஜெர்சி மாட்டிக்கொண்டு கத்தியிருக்கிறான்!

1997 வரிசையில் மைக் வெப்ஸ்டர். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் சென்டர், நான்கு சூப்பர் பௌல் வெற்றி. ஆட்டத்தை விட்டபின் ஞாபகம் குலைந்து, சில நாள் சொந்த வண்டியிலேயே தூங்கியிருக்கிறார். 2002ல் ஐம்பது வயதில் இறந்தார். மூளையை ஆராய்ந்தபோதுதான் இந்த ஆட்டத்தில் திரும்பத் திரும்பத் தலையில் வாங்கும் அடி என்ன செய்கிறது என்று முதன்முதலாக ஒரு என்.எஃப்.எல். ஆட்டக்காரரிடம் தெரியவந்தது. மற்ற தலைகளை ஒரு நொடி பார்த்துவிட்டு நகர்ந்தேன். இந்தத் தலையின் நெற்றியைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

சரி, உபயோகமான விஷயங்கள். நான்கு மணி நேரமாவது ஒதுக்குங்கள், நாங்கள் ஐந்தரை மணி நேரம் இருந்தோம். ஆட்டத்தின் விதிகள் தெரியாதவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால் முந்தின வாரம் ஒரு மேட்ச்சாவது டிவியில் பார்க்க வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவர்களுக்கு எல்லாத் தலையும் ஒரே தலைதான். சின்னப் பிள்ளைகளுக்கு பழைய குவார்ட்டர்பேக் ஜோ நேமத்தை ஹோலோகிராமாக எழுப்பிப் பேச வைக்கும் காட்சி பிடிக்கும். ஆகஸ்ட் தொடக்கத்தில் புதியவர்களைச் சேர்க்கும் விழா நடக்கும், கூட்டம் பிடிக்கும் என்றால் மட்டும் அப்போது போங்கள். அறை போடுவதாக இருந்தால் போட்டோவை நம்பாதீர்கள், நாங்கள் தங்கிய மோட்டலில் (பெயர் வேண்டாம்) ஏசி ராத்திரி முழுக்க மாவு மெஷின் மாதிரி ஓடியது, சிகரெட் வாடை வேறு. பேசாமல் கிளீவ்லாந்திலிருந்து காலையில் கிளம்பி சாயங்காலம் திரும்பிவிடலாம்.

ஐந்துக்கு நாலரை. அரை எதற்குக் குறைத்தேன் என்று பொல்லார்ட் பத்தியைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

கடையில் மச்சான் ஜிம் பிரவுனின் 32ஆம் நம்பர் ஜெர்சி வாங்கினான், ஏற்கனவே இரண்டு வைத்திருக்கிறான். திரும்பும்போது ஆக்ரன் வரை பேச்சே இல்லை. அப்புறம் மெதுவாக, "மாமா, ஜிம் பிரவுன் இன்னும் மூணு சீசன் ஆடியிருந்தா?" என்றான். அந்த அறையில் நிற்கும்போதே நான் அதைப் போட்டு வைத்திருந்தேன். கடைசி சீசனில் ஓடிய 1,544 அளவுக்கே மூன்று வருடம் ஓடியிருந்தால் 16,944, பேட்டனைத் தாண்டி 218. சொல்ல வாயெடுப்பதற்குள் அவனே மொபைலில் கால்குலேட்டரைத் திறந்துவிட்டான்.