மாத்திரையை நிறுத்தச் சொல்லாத வைத்தியர்

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள், முக்கியமாக வேலைக்கு வந்து தனி ரூமில் தங்கியிருப்பவர்கள், இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். என் பெயரையும் போடவில்லை, அந்த ஆளின் பெயரையும் போடவில்லை. நான் ஓட்டலில் சமையல்காரன். எனக்கு எச்.ஐ.வி இருப்பது முதலாளிக்குத் தெரியாது. ஊரில் அம்மாவுக்கும் தெரியாது.

2020-ல் தெரிந்தது. அரசு கிளினிக்கில் இலவசமாக மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு ஒன்றுதான், அதற்குள் டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் என்று மூன்று மருந்து. டிஎல்டி என்பார்கள். சில மாதத்திலேயே ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை 50-க்குக் கீழே போய்விட்டது. அப்புறம் வருஷா வருஷம் டெஸ்ட், ஒவ்வொரு தடவையும் 50-க்குக் கீழேதான். அப்படியிருந்தும் ஏன் போய் மாட்டினேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

போன வருஷம் தைப்பூசக் காவடி. சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில். இங்கே பிறந்த தமிழர்கள் 1860-லிருந்து பரம்பரையாக இருப்பவர்கள், தேவாரம் பாடுவார்கள், காவடி எடுப்பார்கள், ஆனால் பேச்சு முழுக்க ஆங்கிலம்தான். வாரக்கணக்கில் தமிழே காதில் விழாது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் பக்கத்தில் வந்து, "தம்பிக்கு ஊரு எது?" என்றார். "சங்கரன்கோவில் பக்கம்" என்றேன். "அட, நமக்கு ராஜபாளையம்" என்றார். மனசு அங்கேயே இளகிவிட்டது. ஏமாந்ததில் பாதி அந்த ஒரு கேள்வியில் நடந்தது.

வெள்ளை வேட்டி, கையில் பிளாஸ்டிக் கோப்பு. பாரம்பரிய மூலிகைகளில் எச்.ஐ.வி.க்குப் புது மருந்து தேடும் ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லி ஒரு நோட்டீஸ் கொடுத்தார். எனக்கு நோய் இருப்பது அவருக்குத் தெரியாது, எல்லாருக்கும்தான் கொடுத்தார். மூன்று நாள் கழித்து நானேதான் போன் போட்டேன்.

அவர் சொன்னதில் முக்கால்வாசி நிஜம். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். முழுப் பொய்யாக இருந்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன்.

"நம்ம ஊர்ப் புன்னை இருக்கே தம்பி, அதுலேர்ந்து எய்ட்ஸ் மருந்து எடுத்துட்டான் வெள்ளைக்காரன்" என்றார். பிற்பாடு தேடிப் படித்தேன். புன்னை இல்லை, புன்னையின் சொந்தக்கார மரம். 1987-ல் மலேசியாவின் சரவாக் காட்டில் எடுத்த இலை, கிளை. அதிலிருந்து பிரித்த பொருளுக்குக் கலனோலைட் ஏ என்று பெயர், சோதனைக்கூடத்தில் எச்.ஐ.வி.யைத் தடுத்தது. மறுபடி போய்ப் பார்த்தால் அந்த மரத்தையே வெட்டிவிட்டிருந்தார்கள். பிறகு அந்த மருந்து மனிதர்களிடம் பரிசோதிக்கும் கட்டம் வரை வந்தது. ஆனால் இன்றுவரை எந்த மருந்துக்கடையிலும் கிடையாது. இந்தக் கடைசி வரியை மட்டும் அவர் விழுங்கிவிட்டார்.

கீழாநெல்லியும் அப்படித்தான். அதன் சாறு சோதனைக்குழாயில் எச்.ஐ.வி.யின் முக்கியமான ஒரு நொதியைத் தடுத்தது உண்மை. ஆனால் குழாயில் ஊற்றுவது நேரே வைரஸ் மேல் விழுகிறது. நாம் குடிப்பது வயிறு, குடல், ஈரல் எல்லாம் தாண்டிப் போக வேண்டும். எவ்வளவு மிஞ்சும்? இங்கேயே குவாசூலு-நட்டாலில் சதர்லாண்டியா என்ற உள்ளூர் மூலிகையை முறையாகச் சோதித்தார்கள், அது 2015-ல் வெளியானது. பாதிப்பேருக்கு மூலிகை, பாதிப்பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை, 24 வாரம். வைரஸ் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை.

மூன்றாவதாகத் தாம்பரம் சானடோரியம். அங்கே அரசு மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் கொடுத்தார்கள் என்றார். கொடுத்தார்கள்தான். ஆனால் அது இங்கிலீஷ் மாத்திரை ஏழைக்கு எட்டாத காலம். 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவச ஏஆர்டி, அதாவது எச்.ஐ.வி மாத்திரைச் சிகிச்சை, தொடங்கியபோது முதல் எட்டு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. இதையும் அவர் சொல்லவில்லை.

சரி, நான் நம்பியதற்கு முக்கியமான காரணம் வேறு. "மாத்திரையை நிறுத்தாதே" என்றார். மோசடி வைத்தியர் என்றால் மாத்திரையை நிறுத்தச் சொல்வான் என்றுதான் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். இவர் நிறுத்தச் சொல்லவில்லை. அதனால் நல்ல ஆள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

90 நாள். மாதம் 1,500 ரேண்ட், ஆக 4,500. "ஆராய்ச்சியில் பங்கெடுக்கும் கட்டணம்" என்றார். என் பழைய ரத்தப் பரிசோதனைத் தாளையும் கேட்டார். "மருந்துக்கு முன்னாடி எப்படி, பின்னாடி எப்படின்னு பாக்கணும்ல?" ஓட்டலிலிருந்து நேரே போய்க் கொடுத்தேன்.

மருந்து சின்னச் சின்னக் காகிதப் பொட்டலமாக வந்தது. பிரித்தால் செங்கல் பொடி மாதிரி, ஆனால் அதைவிட நைஸாக இருக்கும். விரலில் ஒட்டினால் ரேகையெல்லாம் தெரியும், சோப்புப் போட்டாலும் ஒரு நாளைக்குப் போகாது. நாக்கில் வைத்தால் பழைய இரும்புக் கரண்டியை நக்கிய ருசி. நோட்டீஸிலேயே "அயச்செந்தூரம் சேர்ந்தது" என்று போட்டிருந்தது. அயம் என்றால் இரும்பு என்று எனக்கும் தெரியும். இரும்புச்சத்து நல்லதுதானே என்று இருந்துவிட்டேன். விடிகாலையில் வெறும் வயிற்றில், தேனில் குழைத்து, கிளினிக் மாத்திரையோடு ஒன்றாக விழுங்க வேண்டும். "ஒன் இங்கிலீஷ் மாத்திரைதான் தம்பி இதுக்கு அனுபானம்" என்று சிரித்தார். அனுபானம் என்றால் மருந்தோடு சேர்த்துச் சாப்பிடுவது. பத்தியம் வேறு. புளி, கத்தரிக்காய், கருவாடு கூடாது. புளி தொடாமல் சாம்பாரை எப்படி ருசி பார்ப்பது? மூன்று மாதம் உதவியாளை ருசி பார்க்கச் சொல்லி ஓட்டினேன்.

90 நாள் முடிந்த சமயத்தில்தான் வருஷாந்திர டெஸ்டும் வந்தது. 2,300.

கிளினிக்கில் நர்ஸ் இந்த ஊர் சூலு இனத்து அம்மா. கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாத்திரை விட்டுப்போனதா?" "ஒரு நாள்கூட இல்லை." "அப்படியானால் வேறு என்ன விழுங்குகிறீர்கள்? கால்சியம், இரும்பு, நெஞ்செரிச்சல் மருந்து?" அந்த வரிசையில் இரும்பு என்ற சொல் வந்ததும் எனக்கு முகம் வேர்த்துவிட்டது.

டொலுடெக்ராவிருக்கு உலோகம் ஆகாது. வெறும் வயிற்றில் இரும்போடு சேர்ந்தால் இரண்டும் குடலில் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் ஏறாது. ஏற வேண்டியதில் பாதிக்கு மேல் குறைந்துவிடும். இரும்பும் கால்சியமும் சாப்பாட்டோடு சேர்த்தால் பரவாயில்லை. வெறும் வயிறு என்றால் மாத்திரையை இரண்டு மணி நேரம் முன்னாலோ ஆறு மணி நேரம் பின்னாலோ போட வேண்டும். சங்கைச் சுட்டுப் பொடியாக்கும் சங்கு பற்பமும் கால்சியம்தான் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் மூன்று மாதம் தவறாமல் மாத்திரை போட்டு, தவறாமல் அதை வீணாக்கியிருக்கிறேன்.

சிறுநீரகத்துக்கும் தனியாக டெஸ்ட் எடுத்தார்கள். டெனோஃபோவிர் சிறுநீரகத்தைக் கவனித்துக் கொடுக்க வேண்டிய மருந்து. பொடியில் வேறு என்ன உலோகம் இருந்ததோ, யாருக்குத் தெரியும்? நல்லவேளை, அதில் கோளாறு இல்லை. பொடியை நிறுத்தி மூன்று மாதத்தில் எண்ணிக்கை மறுபடி 50-க்குக் கீழே வந்தது. மாத்திரைக்கு வைரஸ் பழகிப்போயிருந்தால் கதை வேறு.

ஓட்டலில் என்னோடு பாத்திரம் கழுவும் அக்காவிடம் மட்டும், யாரோ சிநேகிதனுக்கு நடந்தது மாதிரி இதைச் சொன்னேன். அவர் தங்கை 2006-ல் போய்ச் சேர்ந்தவர். அந்த வருஷம்தான் டொரோண்டோ எய்ட்ஸ் மாநாட்டில் தென்னாப்பிரிக்க அரசின் அரங்கில் பூண்டும் எலுமிச்சையும் பீட்ரூட்டும் எய்ட்ஸுக்கு மருந்து மாதிரி வைத்தார்கள். சுகாதார அமைச்சரே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். டர்பனில் உபெஜானே என்ற மூலிகைக் கஷாயம் அப்போது நன்றாக விற்றது. 2000 முதல் 2005 வரை மாத்திரை தாமதமானதால் 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர் போனது என்று 2008-ல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அக்காவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. "பூட்டி (சகோதரா), உங்கள் ஆட்களிடமும் இது உண்டா?" என்று மட்டும் கேட்டார்.

மூலிகை ஆராய்ச்சியே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் சீன மூலிகையிலிருந்து வந்ததுதான், அதற்கு 2015-ல் நோபலும் கொடுத்தார்கள். ஆனால் நிஜமான பரிசோதனையில் உங்களிடம் காசு வாங்க மாட்டார்கள். பஸ் காசை அவர்கள் தருவார்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ராவின் அனுமதி இரண்டும் காகிதத்தில் இருக்கும். புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் படித்துக் காட்டி, ஒரு பிரதி உங்கள் கையில் கொடுப்பார்கள். என்னிடம் இருந்தது ஒரு நோட்டீஸ். சந்தேகம் வந்தால் எய்ட்ஸ் உதவி எண் 0800 012 322, இலவசம். வாங்கிய பொடியை எறிந்துவிடாமல் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். என்னிடம் மிஞ்சிய நாலு பொட்டலத்தை நர்ஸ் பையில் போட்டுத் தேதி எழுதி வைத்துக்கொண்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பத்தியம் உடைச்சிருப்பே" என்றார். அதோடு போன் எடுக்கவில்லை.

இந்த வருஷம் அதே தைப்பூசம், அதே கோயில் வாசல். அதே கோப்பைப் பிரித்து ஒரு பையனிடம் காட்டிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். என் தாள். பெயரைக் கறுப்பு மையால் அடித்திருந்தார். "பாத்தியா, அம்பதுக்குக் கீழே. எல்லாம் நம்ம பொடி." அந்தத் தாள் நான் பொடியைத் தொடுவதற்கு முந்தின தாள்.

வாயைத் திறக்கவில்லை. அது என் தாள் என்று சொன்னால், எனக்கு நோய் என்று அத்தனை பேர் நடுவில் சொன்னதாகிவிடும். பேசாமல் வந்துவிட்டேன், அந்தப் பையன் என்ன ஆனானோ தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். யாராவது உங்களிடம் அப்படி ஒரு தாளை நீட்டினால் மேல் வலது மூலையைப் பாருங்கள். கட்டை விரல் அளவுக்கு மஞ்சள் கறை இருக்கும். அன்றைக்குக் கை கழுவாமல் எடுத்துக் கொடுத்தேன்.