பதினாலு மாதமாக வாங்கிக்கொண்டே இருக்கிறேன்

சாவகச்சேரியில் இருக்கிற மச்சாள் நேற்றிரவு போனில் கேட்டாள்: "அந்த இங்கிலீசுச் செயலி இப்ப அரை விலையாம். எடுக்கட்டோ?" ஓம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிகிற கதையில்லை. அதனால்தான் எழுதுகிறேன். செயலியின் பெயர் அவளுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

எனக்கு நல்லூர்க் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு சின்னப் பனம்பொருள் கடை. ஓலைப்பெட்டி, நீத்துப்பெட்டி, புழுக்கொடியல், பனங்கட்டி. திருவிழா நடக்கிற 25 நாளும் லண்டன், கனடாச் சனம் வந்துகொண்டே இருக்கும். தாய் தகப்பன் தமிழ் கதைப்பார்கள். பிள்ளைகள் "வணக்கம்" சொல்லிவிட்டு இங்கிலீசுக்குத் தாவிவிடுவார்கள். அவர்களுக்காகத்தான் இதை எடுத்தேன். அதிலும் கடை, காசு, பேரம் என்ற பிரிவுக்காக.

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். இந்தச் செயலியில் நான் எப்போதும் வாடிக்கையாளர். பதினாலு மாதமாகச் சப்பாத்து வாங்குகிறேன், தக்காளி வாங்குகிறேன், கிழிந்த சட்டையைப் பில்லோடு கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கிறேன். ஒருநாளாவது கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்க விடவில்லை. கடை வைத்திருக்கிறவளுக்கு விற்கிற இங்கிலீசல்லவா வேண்டும்? வேறு வழியில்லாமல் செயலியில் வரும் கடைக்காரனின் வசனங்களைப் பாடமாக்கினேன். அந்த மனிசனோ சரியான இளகின ஆள். "கொஞ்சம் கூடவாக இருக்கிறதே" என்று நான் சொன்னால் யோசிப்பான். "உங்களால் முடிந்த நல்ல விலை என்ன?" என்றால் பெருமூச்சு விடுவான். மூன்றாவது வசனத்தில் பத்து வீதம் குறைத்துவிடுவான். ஒவ்வொரு முறையும் அப்படியே. அவனிடம் படித்துப் படித்து நானும் மூன்றாவது வசனத்தில் இறங்கத் தொடங்கிவிட்டேன் என்று என் மனிசன் சொல்கிறார். கணக்குக் கொப்பியைப் பார்த்தால் மறுக்க முடியவில்லை.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். இலக்கப் பயிற்சி என்று ஒன்று ஓர் ஓரத்தில் கிடக்கிறது. ஒரு குரல் விலை சொல்லும், நாங்கள் அதை இலக்கத்தில் தட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம். ஃபிஃப்டீனையும் ஃபிஃப்டியையும் காது பிரிக்கப் பழகியது இதில்தான். பதின்மூன்று என்றால் 'தேர்-டீன்', அழுத்தம் கடைசியில். முப்பது என்றால் 'தேர்-டி', அழுத்தம் முதலில். இதைத் தெரியாமல் எத்தனை வருடம் விரலைக் காட்டி விலை சொன்னேன்!

ஆனால் போன திருவிழாவில் அதுவும் காலை வாரியது. இருபது வயது மதிக்கத்தக்க ஒரு லண்டன் பெடியன் மூடிபோட்ட ஓலைப்பெட்டி ஒன்றைத் தூக்கிப் பார்த்து விலை கேட்டான். 1,350 ரூபாய். செயலி பழக்கியபடி "தேர்டீன் ஃபிஃப்டி" என்றேன் பெருமையாக. அவன் முகம் சுருங்கியது. "பவுண்ட்ஸ்?" என்றான். அவர்கள் ஊரில் அப்படிச் சொன்னால் பதின்மூன்று பவுண் ஐம்பது பென்ஸ். எங்கள் காசில் ஐயாயிரத்துக்கு மேலே. பின்னால் நின்ற தாய் விட்டாளா? "என்னக்கா, சொந்தச் சனத்திட்டயும் அறாவிலையோ?" கல்குலேட்டரில் அடித்துக் காட்டினேன். பெடியன் சிரித்துக்கொண்டு "தட்ஸ் எ பார்கெய்ன்!" என்றான். நான் உடனே "நோ பார்கெய்ன், ஃபிக்ஸ்ட் பிறைஸ்" என்றேன். அவன் சொன்னது 'இது நல்ல மலிவு' என்று. எனக்கு விளங்கியது 'விலையைக் குறை' என்று.

அன்றிரவு பிரிவு முழுவதையும் திரும்பத் தட்டிப் பார்த்தேன். பார்கெய்னுக்கு மலிவுப் பொருள் என்ற பொருளும் உண்டு என்று எங்கேயும் இல்லை. இன்னொன்று மகளின் ரீச்சர் சொல்லித்தான் தெரியும்: தேர்டீனுக்குப் பின்னால் இன்னொரு இலக்கம் வந்தால் அழுத்தம் முன்னுக்கு ஓடிவிடுமாம். அப்போது அது தேர்டி மாதிரியே கேட்கும். இதைச் செயலி சொல்லித் தந்தால் என்ன?

இலட்சமும் அதற்குத் தெரியாது. ஒன்றரை இலட்சத்தை நூற்றைம்பது ஆயிரம் என்றுதான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சிவப்புப் புள்ளி. அது பரவாயில்லை, ஓலைப்பெட்டி அந்த விலைக்குப் போகப்போவதில்லை. பவுண்தான் என்னைக் குழப்பியது. எங்களுக்குப் பவுண் என்றால் முதலில் தங்கம், எட்டுக் கிராம். செயலியில் அது காசு. அடுத்த பாடத்தில் தக்காளியின் நிறை. பிறகுதான் பிடிபட்டது, நாங்கள் பாண் வாங்குகிற றாத்தல்தான் அது என்று. கனடாப் பிள்ளை ஒன்று பனங்கட்டி பவுண் என்ன விலை என்று கேட்டபோது நான் தடுமாறவில்லை. அந்த ஒரு நாளுக்காகச் செயலிக்கு ஒரு கும்பிடு.

இப்போது அரை விலைக் கதை. நான் இரண்டு மாதத்துக்கு முன்தான் முழுக் காசு கட்டி இரண்டாம் வருடத்துக்குப் புதுப்பித்தேன். வயிறு எரிந்தது. அவர்கள் படிப்பித்த வசனங்களையே வரிசையாக எழுதி அனுப்பினேன்: கொஞ்சம் கூடவாக இருக்கிறதே, உங்களால் முடிந்த நல்ல விலை என்ன, பழைய வாடிக்கையாளருக்கு ஏதாவது பார்த்துச் செய்ய மாட்டீர்களா? மிக மரியாதையாகப் பதில் வந்தது. விலையில் மாற்றம் செய்ய முடியாதாம். மூன்றாவது வசனத்துக்கும் இறங்கவில்லை.

ஆகவே மச்சாள், எடுக்காதே. பின்னேரத்தில் கடைக்கு வா, என் போனிலேயே படி. இன்னும் பத்து மாதம் கிடக்கிறது.