எரிக் டால்ஃபியின் ‘அவுட் டு லஞ்ச்!’ வைனில்: மூன்றரை வருடம் ஓட்டிய பிறகு

ஜாஸ் கலைஞர் எரிக் டால்ஃபியின் இந்த வைனில் இசைத்தட்டை எத்தனை முறை ஓட்டியிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. முதல் பக்கம்தான் அதிகம் ஓடியிருக்கும். பிடித்துப்போனது பாதிக் காரணம். மீதிப் பாதி, அந்தப் பக்கத்தோடு எனக்கு இருந்த தகராறு.

ஆல்பம் 1964 பிப்ரவரி 25 அன்று நியூ ஜெர்சியில், எங்கிள்வுட் கிளிஃப்ஸில் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் பதிவானது. டால்ஃபியோடு ட்ரம்பெட்டில் ஃப்ரெடி ஹப்பார்ட், வைப்ரஃபோனில் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) பாபி ஹட்சர்சன், பாஸில் ரிச்சர்ட் டேவிஸ், ட்ரம்ஸில் டோனி வில்லியம்ஸ். வில்லியம்ஸுக்கு அப்போது 18 வயதுதான். அதே வருடம் ஜூன் 29 அன்று டால்ஃபி பெர்லினில் இறந்துபோனார், நீரிழிவு. வயது 36. தட்டு கடைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை.

என்னிடம் இருப்பது ப்ளூ நோட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ‘கிளாசிக் வைனில்’ வரிசையில் 2021-இல் வந்த பதிப்பு. மூல அனலாக் டேப்பிலிருந்து ஒலிப்பொறியாளர் கெவின் கிரே மாஸ்டர் செய்தது. 180 கிராம், ஒற்றை அட்டை. அதே நிறுவனத்தின் ‘டோன் பொயட்’ வரிசைபோல விரித்துப் பார்க்கும் தடித்த அட்டை கிடையாது, அதற்கேற்ப விலையும் குறைவு. 180 கிராம் என்பதில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. கையில் எடுத்தால் கனமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

முன்பெல்லாம் இதை ஃபோனில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி இருக்கும். ஸ்பீக்கரில் தட்டு ஓட ஆரம்பித்த பிறகுதான், இவர்கள் பேசுவதைவிடப் பேசாமல் இருப்பதுதான் அதிகம் என்று புரிந்தது. குழுவில் பியானோ இல்லை. அந்த இடத்தில் இருக்கும் ஹட்சர்சன் அதை நிரப்ப முயல்வதே இல்லை. ஒரு பட்டையைத் தட்டுவார், அது காற்றில் கரையும் வரை காத்திருப்பார், எதிர்பாராத இடத்தில் இன்னொன்றைத் தட்டுவார். அந்தக் கரையும் வால்தான் இந்தப் பதிப்பின் சொத்து. பின்னணி இரைச்சல் குறைவாக இருப்பதால் அது எங்கே முடிகிறது என்பதுவரை காது பின்தொடர முடிகிறது. ‘சம்திங் ஸ்வீட், சம்திங் டெண்டர்’ பாட்டில் டால்ஃபியின் பாஸ் கிளாரினெட்டும் டேவிஸ் வில்லால் இழைக்கும் பாஸும் ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்கிற இடம் வரும். இரண்டும் தடித்த, மரத்தன்மையுள்ள குரல்கள். ஃபோனில் அவை எனக்கு ஒரே குரலாகத்தான் கேட்டன. இங்கே வில் கம்பியில் உரசுவதும் ரீடில் மூச்சு படுவதும் தனித்தனி.

முதல் பாட்டு ‘ஹாட் அண்ட் பியர்ட்’, பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கை நினைத்துச் செய்தது. கச்சேரியில் தாளம் போடும் பழக்கத்தில் தொடையில் தட்டி எண்ணினேன். ஒன்பது வந்தது. தலைப்புப் பாட்டில் ஐந்து. வில்லியம்ஸோ எண்ணிக்கையைக் கையில் கொடுக்காமல் அதைச் சுற்றிச் சுற்றியே விளையாடுகிறார். வீட்டில் ஒருநாள், “சமையலறையில் யாரோ பாத்திரத்தை உருட்டுறாங்க போல” என்றார்கள். மறுக்க முடியவில்லை.

சரி, தகராறு. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘கேசலோனி’. செவரினோ கேசலோனி என்ற இத்தாலியப் புல்லாங்குழல் கலைஞரின் பெயரை வைத்தது, டால்ஃபி இதில் புல்லாங்குழல் வாசிக்கிறார். எனக்கு அந்தக் குழல் கரகரத்தது. வைப்ரஃபோன் அடி ஒவ்வொன்றும் கண்ணாடி உடைவதுபோல் சிதறியது. அச்சுக் கோளாறு என்று முடிவுகட்டி, அவசரப்பட்டு இன்னொரு பிரதி வாங்கினேன். அதே பாட்டில் அதே கரகரப்பு.

தவறு என்னுடையது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சீராகத்தான் சுற்றுகிறது. ஆனால் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்கு சுமார் 50 செ.மீ. வரி (ஊசி ஓடும் பள்ளம்) ஓடினால், நடு லேபிளை நெருங்கும்போது அது 20 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். அதே ஒரு நொடி இசை பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். ஊசி கொஞ்சம் கோணலாக இருந்தாலும் முதலில் அடிபடுவது இந்த உள்வரிகள்தான், அதிலும் புல்லாங்குழல், வைப்ரஃபோன் மாதிரியான கூர்மையான ஒலிகள். நண்பர் ஒருவர், ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜைப் பொருத்தும் அளவுத்தாளோடு வந்து பார்த்தார். ஊசி இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. ஸ்க்ரூவைத் தளர்த்தி, நகர்த்தி, எடையைச் சரிபார்த்து ஊசியை இறக்கினார். குழல் குழலாகவே கேட்டது. முழுதாகப் போகவில்லை, உச்ச ஸ்தாயியில் ஒரு சின்னக் கூச்சம் இன்னும் உண்டு. இதைவிட நல்ல ஊசி இருந்தால் அதுவும் போகலாம்.

இந்த வருடங்களில் தட்டு வளையவில்லை, புதிதாகக் கீறல் இல்லை. மின்விசிறிக்குக் கீழே டர்ன்டேபிளை வைத்திருந்தவரை தூசிதான் படபடவென்று வெடிக்கும். இடம் மாற்றியதும் அது அடங்கியது. அட்டையின் ஒரு மூலை கூரியரில் நசுங்கித்தான் வந்தது. அட்டைப்படத்தை வடிவமைத்த ரீட் மைல்ஸின் ‘திரும்பி வருவேன்’ பலகைக் கடிகாரம் தப்பித்தது நல்லவேளை. அந்தக் கடிகாரத்தில் முள்கள் ஏகப்பட்டது, எந்த மணிக்கு வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜாஸ் பக்கமே போகாதவர் முதல் தட்டாக இதை வாங்க வேண்டாம். ஆல்பம் ஏற்கெனவே பிடித்தவர் வாங்கலாம், ஆனால் ஊசியைச் சரிபார்த்துவிட்டு. என்னுடைய இரண்டாவது பிரதியை அந்த நண்பருக்கே கூலியாகக் கொடுத்துவிட்டேன். அவர் மனைவி என்னிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.