1010!: காலியிடத்தைக் காப்பதே கலை

1984-இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டில் கட்டைகள் விழுந்துகொண்டே இருப்பதால், யோசிக்கும் நேரத்தை ஆட்டமே முடிவு செய்கிறது. இஸ்தான்புல்லின் கிராம் கேம்ஸ் 2014-இல் வெளியிட்ட ‘1010!’ என்ற கைபேசி விளையாட்டில் அந்த அவசரம் அறவே இல்லை. பத்துக்குப் பத்துக் கட்டங்கள் கொண்ட பலகையின் கீழே மூன்று கட்டைகள் காத்திருக்கும். எதை முதலில் வைப்பது, எங்கே வைப்பது என்பதெல்லாம் நம் விருப்பம். ஆனால் கட்டையைத் திருப்ப முடியாது, வைத்ததை எடுக்கவும் முடியாது. கிடையாகவோ நெடுக்காகவோ ஒரு வரிசை நிரம்பினால் அது மறையும். மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆட்டத்தின் சூட்சுமம் இந்தக் கடைசி விதியில்தான் இருக்கிறது. நாற்புறமும் அடைபட்ட ஒரே ஒரு கட்டம், தன் வழியாகச் செல்லும் கிடை வரிசை, நெடுவரிசை இரண்டையும் முடக்கிவிடும். ஒரே கட்டத்தை அடைக்கும் ஒற்றைக் கட்டை வரும் என்று காத்திருப்பதைவிட, அதை ஒட்டிய நெடுவரிசையை நிரப்பி அழித்து, அந்த ஓட்டைக்குப் பக்கவாட்டில் வழி ஏற்படுத்துவதே சிறந்தது. தொடக்கக்காரர்கள் வரிசைகளை அழிப்பதிலேயே குறியாக இருப்பார்கள். தேர்ந்தவர்களோ மூன்றுக்கு மூன்று சதுரம் ஒன்றுக்கும், படுத்தும் நிமிர்ந்தும் வரக்கூடிய ஐந்து கட்ட நீளக் கட்டைக்கும் எப்போதும் இடம் விட்டுவைப்பார்கள். இரண்டு வரிசைகளை ஒரே நேரத்தில் அழித்தால், தனித்தனியே அழிப்பதைவிடக் கூடுதல் புள்ளிகள் கிடைக்கும் என்பது உண்மைதான். அந்த ஆசையில் பலகையை நிரம்பவிட்டுக் காத்திருப்பதுதான் பல ஆட்டங்களை முடித்துவைக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. பலகை நெருக்கமாக இருக்கும்போது பெரிய சதுரங்கள் அடுத்தடுத்து வந்துவிட்டால் எந்தத் திறமையும் உதவாது. நிலைகளோ இலக்குகளோ கிடையாது என்பதால், தன் முந்தைய புள்ளிக் கணக்கை முறியடிப்பதில் நாட்டமில்லாதவர்களுக்கு விரைவிலேயே சலித்துப்போகும். ஆனாலும் கடிகாரத்தின் நெருக்குதல் இல்லாமல், பாதியில் விட்டுவிட்டு, பேருந்துப் பயணத்தில் ஒற்றைக் கையால் தொடர முடிகிற ஆட்டம் இது என்பது (பரபரப்பான விளையாட்டுகளில் எனக்குப் பொறுமை கிடையாது) என் கணக்கில் பெரிய நிறை.

இதே வகையில், ஒன்பதுக்கு ஒன்பது பலகையில் மூன்றுக்கு மூன்று சதுரங்களையும் அழிக்கவிடும் ‘வுடோகு’ சற்று இளக்கமானது; எட்டுக்கு எட்டில் இயங்கும் ‘பிளாக் பிளாஸ்ட்’ குறுகிய பலகையால் விரைவாக நெருக்கும். நிதானமாகத் திட்டமிட விரும்புவோருக்கு இவற்றில் ‘1010!’-ஐயே முதலில் பரிந்துரைப்பேன்.