அயோவாவில் முன்பணம் இல்லாமல் வீடு: தங்கச்சி எடுத்த கிராமப்புறக் கடன் எப்படி?

அமெரிக்காவில் உறவினர்கள் உள்ள சிங்கப்பூர்க் குடும்பங்கள் இந்தக் கடனைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அமெரிக்க விவசாயத் துறை உத்தரவாதம் தருகிற கிராமப்புற வீட்டுக் கடன் இது. அங்கே ‘யுஎஸ்டிஏ லோன்’ என்பார்கள். விவசாயம் செய்கிறவர்களுக்குத்தான் என்று நினைக்க வேண்டாம். என் தங்கச்சி குடும்பம் அயோவா மாநிலத்தின் ஸ்டோரி கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) இதை எடுத்துத்தான் வீடு வாங்கியது. எனக்குக் கணக்கர் வேலை. அதனால் காகிதங்களையெல்லாம் சுவா சூ காங்கில் இருந்தே நான் பார்த்துக்கொடுத்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முன்பணமாக ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டியதில்லை. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கடனில் வீட்டு விலையில் 75 விழுக்காடு வரைதான் கிடைக்கும், மீதிக்கு மசேநி (மத்திய சேமநிதி) கைகொடுக்கும். தங்கச்சிக்கு அப்படிக் கைகொடுக்க எதுவும் இல்லை. வாடகையும் பிள்ளைகளின் காப்பகக் கட்டணமும் போக மிச்சம் பிடிப்பதே பெரும்பாடு. வட்டி 30 ஆண்டுக்கும் மாறாது. ஆனால் அரசாங்கம் பணம் தருவதில்லை, வங்கிக்கு உத்தரவாதம் மட்டும் தருகிறது. வட்டி எவ்வளவு என்பது வங்கியின் முடிவு. நம் வீவக கடனின் 2.6 விழுக்காடு வட்டியை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

வீடு பார்க்கக் கிளம்பும் முன் துறையின் இணைய வரைபடத்தில் முகவரியைத் தட்டிப் பாருங்கள். அதே கவுண்டியில் உள்ள ஏம்ஸ் பல்கலைக்கழக நகரம், 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 66,000 பேருக்கு மேல். 35,000 பேரைத் தாண்டிய ஊருக்கு இந்தக் கடன் கிடையாது. கிழக்கே கொஞ்சம் தள்ளி நெவேடா என்ற சின்ன ஊர்ப் பக்கம் (மாநிலம் இல்லை) போனால் கிடைக்கிறது.

சிக்கல் வந்தது வருமானக் கணக்கில்தான். குடும்ப வருமானம் அந்த வட்டாரத்தின் நடுத்தர வருமானத்தில் 115 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வரம்பு கவுண்டிக்குக் கவுண்டி மாறும். நான்கு பேர் வரை ஒரு வரம்பு, ஐந்து முதல் எட்டுப் பேர் வரை அதைவிடக் கூடுதலாக ஒன்று. தங்கச்சி, மாப்பிள்ளை, இரண்டு பிள்ளைகள், கூடவே மாப்பிள்ளையின் தம்பி என்று வீட்டில் ஐந்து பேர். தம்பிக்குக் கிடங்கில் வேலை.

“அண்ணே, அவன் பேரு லோன்லயே இல்ல, அப்புறம் எதுக்கு அவன் சம்பளத்தைக் கேக்குறாங்க?” என்றாள் தங்கச்சி. நியாயமான கேள்விதான். ஆனால் இந்தத் திட்டத்தில் இரண்டு கணக்கு உண்டு. தகுதி பார்க்கும்போது வீட்டில் குடியிருக்கிற பெரியவர்கள் எல்லாருடைய சம்பளமும் சேரும். கடனைக் கட்ட முடியுமா என்று பார்க்கும்போது கடன் எடுப்பவர்களின் சம்பளம் மட்டும். ஆக, தம்பியின் சம்பளம் வரம்பைத் தாண்ட வைக்கும், கடன் தொகையைக் கூட்ட உதவாது. வீவக வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும் உடன் குடியிருப்பவர் வருமானத்தைக் கேட்கத்தான் செய்கிறார்கள், அதனால் எனக்கு இது புதிதாகப் படவில்லை.

தம்பி ஏற்கெனவே ஏம்ஸில் நண்பர்களோடு தங்கப் பேசிவைத்திருந்தார். அவர் போனதும் வீட்டில் நான்கு பேர், வரம்பு குறைந்தது, ஆனால் அவர் சம்பளமும் கணக்கிலிருந்து போனது. அப்படியும் கொஞ்சம் இடித்தது. கைகொடுத்தது காப்பகக் கட்டணம். வேலைக்குப் போவதற்காகச் சிறு பிள்ளைகளைக் காப்பகத்தில் விட்டால், அந்தச் செலவை வருமானத்திலிருந்து கழிக்கலாம். ரசீதுகளை மாதவாரியாக அடுக்கி அனுப்பச் சொன்னேன். கழித்துப் பார்த்தால் வரம்புக்குள் வந்துவிட்டது. உழைக்கிற தாய்மாரை நினைத்து எழுதிய விதி இது, எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

எல்லா வங்கியும் இந்தக் கடனைத் தருவதில்லை. முதலில் கேட்ட வங்கி இதைப் பற்றி வாயே திறக்காமல் ஐந்து விழுக்காடு முன்பணம் கேட்டது. யுஎஸ்டிஏ கடன் வழக்கமாகச் செய்து பழகிய இடத்துக்குப் போங்கள். வங்கி சரி என்ற பிறகும் விவசாயத் துறையின் உறுதிக் கடிதம் வர வேண்டும். அமெரிக்க அரசாங்கம் பட்ஜெட் தகராறில் முடங்கினால் அதுவும் நின்றுபோகும். வீடு விற்பவரிடம் நாள் கொஞ்சம் தாராளமாகவே கேட்டு வையுங்கள்.

வாங்கிய வீட்டுக்குச் சொந்தக் கிணறு. தண்ணீரைப் பரிசோதிக்காமல் கடன் நகராது. சுற்றிலும் சோளமும் சோயாவும், உரத்திலிருந்து நைட்ரேட் இறங்கும். லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது அங்கே குடிநீர் விதி. கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இது முக்கியம். கடனுக்காக இல்லாவிட்டாலும் செய்ய வேண்டிய சோதனை.

எச்1பி என்கிற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கடன் கிடைக்காது. பொதுவாகக் குடியுரிமையோ கிரீன் கார்டோ (நிரந்தரவாசத் தகுதி) வேண்டும். வாங்கிய வீட்டில் குடியிருக்கவும் வேண்டும், வாடகைக்கு விட வாங்க முடியாது.

செலவுக்கு வருவோம். உத்தரவாதக் கட்டணம் ஒரு விழுக்காடு, அதைக் கடனிலேயே சேர்த்துக்கொள்ளலாம். அப்புறம் ஆண்டுக்கு 0.35 விழுக்காடு. 220,000 டாலர் கடனுக்கு முதல் ஆண்டு சுமார் 770 டாலர், மாதம் 64. பாக்கி குறையக் குறைய இதுவும் குறையும், ஆனால் கடன் முடியும்வரை விடாது. அமெரிக்க அரசாங்கக் காப்புறுதியோடு வரும் இன்னொரு வீட்டுக் கடனான எஃப்எச்ஏ கடனில் 3.5 விழுக்காடு முன்பணமும் 1.75 விழுக்காடு ஆரம்பக் கட்டணமும் கேட்பார்கள், அதோடு பார்த்தால் இது மலிவுதான். வீட்டில் சொந்தப் பங்கு 20 விழுக்காட்டை எட்டி, வட்டியும் இறங்கியிருந்தால் சாதாரணக் கடனுக்கு மாறிக்கொள் என்று தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன்.