ஷேப்லியா, ஹேண்ட்சமா?

இரண்டுமே அழகான தோற்றத்தைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடைகள்தான். ஆனால் முற்காலத்தில் இரண்டுக்கும் வேறு பொருளும் இருந்தது.

ஹேண்ட்சம் கையில் பிறந்த சொல். கை என்று பொருள்படும் ஹேண்ட், அதோடு சம் விகுதி. 15ஆம் நூற்றாண்டில் 'கையாள எளிதானது' என்பதே பொருள். பிறகு 'பொருத்தமானது' என்றாகி, 16ஆம் நூற்றாண்டில் அழகுக்கு வந்தது. கணிசமான பணத்தையும் ஹேண்ட்சம் என்பார்கள்.

ஷேப்லியின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். வடிவம் எனும் ஷேப், பழைய ஆங்கிலத்தில் 'படைத்தல்' என்ற வினையோடு உறவுடையது. லி விகுதியோ உடல், உருவம் என்று பொருள்பட்ட பழைய ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது. ஆக, உருவம் இந்த ஒரே சொல்லில் இரண்டு முறை ஒளிந்திருக்கிறது! 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர், தன் 'கேன்டர்பரி கதைகள்' நூலின் முன்னுரையில், சில கைவினைஞர்கள் நகர்மன்றப் பதவிக்கு 'ஷேப்லி' என்கிறார். அழகர்கள் என்றல்ல, தகுதியானவர்கள் என்று. இன்று அந்தப் பொருள் வழக்கில் இல்லை.

சரி, எதை எங்கே எழுதுவது? முகம், கட்டடம், மேசை என்றால் ஹேண்ட்சம். வளைவு நெளிவோடு அமைந்த பூச்சாடிக்கு ஷேப்லி. ஆளைச் சொல்லும்போது மட்டும் கவனம் வேண்டும்: ஷேப்லி பெரும்பாலும் பெண்ணின் உடல்வாகையே சுட்டுகிறது. முன்பின் தெரியாதவரிடம் நான் அதைச் சொல்லவே மாட்டேன். ஹேண்ட்சம் ஆணுக்கு இயல்பானது. கம்பீரமான பெண்ணுக்கும் பொருந்தும்.